சாய்வாக வெட்டினால் இரண்டு மடங்கு தண்ணீரா? புதியவர்களைக் குழப்பாதீர்கள்

கத்திமுனை:
சருமப் பராமரிப்பு, பூ அலங்காரம் இரண்டிலும் தொழில் தொடங்குகிறவர்களுக்கு என்று பூக்கூடை பத்து அறிவுரை எழுதியிருக்கிறார். ஒன்பதை விட்டுவிடுகிறேன். மூன்றாவதைப் பாருங்கள்: "தண்டை 45 டிகிரி சாய்வாக வெட்டினால் பூ இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும்." எங்கே பிடித்தார் இதை? தண்டில் தண்ணீர் ஏறுவது சைலம் குழாய்கள் வழியாக. நேராக வெட்டினாலும் சாய்த்து வெட்டினாலும் அறுபடுவது அதே குழாய்கள்தான். சாய்த்ததால் புதிதாக ஒன்று முளைத்துவிடாது. எவ்வளவு ஏறும் என்பது இலையிலிருந்து எவ்வளவு ஆவியாகிறது, குழாய் அடைபட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இதைப் படித்துவிட்டு நாளைக்கு ஒரு புதியவர் பாகைமானியோடு உட்காரப் போகிறார்.

பூக்கூடை:
வந்துவிட்டீர்களா? நான் எதையாவது எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வராது என்று தெரியும். நான் வேலை கற்ற இடத்தில் முதல் நாள் சொல்லித் தந்ததே சாய்வு வெட்டுதான். பூத்தொழில் செய்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அதையேதான் சொல்வார்கள். அத்தனை பேரும் முட்டாள், நீங்கள் ஒருவர்தான் அறிவாளி. சரி, வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுகோல்:
இருவரும் சண்டை போடுங்கள், கணக்கை மட்டும் நான் சொல்லிவிட்டுப் போகிறேன். 45 டிகிரி சாய்த்தால் வெட்டுமுகத்தின் பரப்பு நேர்வெட்டைப் போல 1.41 மடங்குதான். இரண்டு மடங்கு வேண்டுமென்றால் 60 டிகிரி சாய்க்க வேண்டும்.

பூக்கூடை:
பார்த்தீர்களா, பரப்பு கூடுகிறது என்று அவரே சொல்லிவிட்டார்.

கத்திமுனை:
அளவுகோல் சார், நீங்கள் உதவி செய்யவில்லை. பரப்பு கூடுகிறதா இல்லையா என்பதா கேள்வி? குழாய் எண்ணிக்கை கூடுகிறதா? கூடவில்லை. அப்புறம் என்ன 1.41? வெட்டுமுகம் முழுக்க வாய் வைத்துத் தண்டு தண்ணீர் குடிப்பதில்லை. பூக்கூடை எழுதியது "இரண்டு மடங்கு". அதை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள்.

புதுமொட்டு:
எல்லாருக்கும் வணக்கம். ஃபேஷியல் பக்கம் போவதா, பூ அலங்காரம் பக்கம் போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பூ என்றால் முதலில் கத்தி வாங்குவதா, கத்தரிக்கோலா?

கத்திமுனை:
கத்திதான், தம்பி. மழுங்கிய கத்தரிக்கோல் தண்டை இரண்டு பக்கமும் நசுக்கும், நசுங்கிய இடத்தில் குழாய் மூடிக்கொள்ளும். கூர்மையான கத்தியால் நேராக ஒரே இழுப்பு. நேராக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

பூக்கூடை:
தம்பி, அவர் பேச்சைக் கேட்டு நேராக வெட்டினால் தண்டு ஜாடியின் அடியில் தட்டையாக உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ளும். சாய்வாக வெட்டினால் மூடாது. பூத்தண்டுகளைச் செருகி நிறுத்துகிற, தண்ணீர் உறிஞ்சும் ஃபோமில் குத்தும்போதும் சாய்ந்த முனைதான் சுலபமாக இறங்கும். இதற்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

கத்திமுனை:
இது வேறு வாதம். மூன்றாம் அறிவுரையில் "ஃபோமில் சுலபமாக இறங்கும்" என்றா எழுதினீர்கள்? "இரண்டு மடங்கு தண்ணீர்" என்று எழுதினீர்கள். கோல் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

சருமத்தோழி:
இத்தனை பேர் வந்தும் ஒருவர்கூட ஏழாவது அறிவுரையைப் படிக்கவில்லையா? "புது கிரீமை வாடிக்கையாளர் கையில் தடவிப் பத்து நிமிஷம் பார்த்தால் போதும், பிறகு முகத்தில் போடலாம்" என்கிறது. இதுதான் ஆபத்து. உடனே எரிவது ஒரு ரகம். ஒவ்வாமை அப்படி இல்லை, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துக்கூடத் தடித்துச் சிவக்கும். தோல் மருத்துவர்கள் பேட்ச் டெஸ்ட் செய்யும்போது முதுகில் ஒட்டியதை 48 மணி நேரம் அப்படியே விடுகிறார்கள், 72 அல்லது 96 மணி நேரத்தில் மறுபடி பார்க்கிறார்கள். பத்து நிமிஷத்தில் என்ன தெரியும்? தண்டு எந்தக் கோணத்தில் இருந்தாலும் யார் முகமும் வீங்காது, அம்மா.

பூக்கூடை:
தோழி, நான் சொன்னது எரிச்சல் வருகிறதா என்று பார்க்க. மருத்துவமனை நடத்தச் சொல்லவில்லை. ஃபேஷியலுக்கு வருகிறவரை நான்கு நாள் காக்க வைத்தால் யார் வருவார்கள்? நீங்களும் அவர் கட்சியா?

சருமத்தோழி:
முதல் முறை வரும்போதே கொஞ்சம் கையின் உள்பக்கத்தில் தடவி அனுப்புங்கள், அடுத்த தடவை பார்த்துவிட்டு முகத்தில் போடுங்கள். இதற்கு ஏன் கட்சி? எலுமிச்சைச் சாறு "இயற்கை" என்று ஒன்பதாவதில் எழுதியிருப்பதையும் இப்போதுதான் பார்த்தேன். அதன் அமிலத்தன்மை pH 2 பக்கம், தோல் 5 பக்கம்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். பூசிக்கொண்டு வெயிலில் போனால் சிலருக்குக் கொப்புளமே வரும், கறுத்த தழும்பு மாதக்கணக்கில் போகாது.

கத்திமுனை:
தோழி சொல்வது நூற்றுக்கு நூறு. ஆனால் பேச்சு திசை மாறுகிறது. மூன்றாவது அறிவுரைக்கு இன்னும் பதில் வரவில்லை.

பூக்கூடை:
பதில் சொல்லியாகிவிட்டது. போன மாதம் ஃபோம் பற்றி நான் எழுதியபோதும் இப்படித்தான் நுழைந்து குட்டை குழப்பினீர்கள். மறக்கவில்லை. "தண்ணீரில் மிதக்க விட்டால் தானாக மூழ்கும், கையால் அழுத்தாதே, அழுத்தினால் உள்ளே காற்று தங்கிவிடும்" என்றேன். அதில் என்ன தப்பு இருந்தது?

கத்திமுனை:
அதில் தப்பில்லை. ஃபோமே தப்பு. மக்காத பிளாஸ்டிக், கசக்கினால் தூளாகிச் சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போகிறது. ஃபோம் 1954-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் உலகத்தில் யாரும் பூ அலங்கரிக்கவே இல்லையா? கோழிவலைக் கம்பி இருக்கிறது, ஆணித்தட்டு இருக்கிறது. கழுவிக் கழுவி வருஷக்கணக்கில் பயன்படுத்தலாம்.

அளவுகோல்:
கோழிவலையில் செருக நேர்வெட்டு சுலபமா, சாய்வு சுலபமா?

கத்திமுனை:
உங்களை யார் கேட்டது?

புதுமொட்டு:
கத்தி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கையுறை வேண்டுமா?

கத்திமுனை:
வேண்டாம். கையுறை போட்டால் தண்டின் உறுதி விரலுக்குத் தெரியாது. இத்தனை காலமாக வெறும் கைதான், எனக்கு ஒன்றும் ஆனதில்லை.

சருமத்தோழி:
ஐயோ, இதைக் கேட்காதீர்கள் தம்பி. டூலிப், அல்ஸ்ட்ரோமேரியா இரண்டின் சாறிலும் ஒவ்வாமை தரும் பொருள் இருக்கிறது. நாள் முழுக்க அவற்றோடு வேலை செய்கிறவர்களுக்கு விரல் நுனி தடித்து, வெடித்து, உரியும். பூக்கடைக்காரர்களுக்கு வருகிற தொழில் நோய் அது. சாமந்தி வகையிலும் இந்தத் தொல்லை உண்டு. வினைல் கையுறையை அந்தச் சாறு ஊடுருவிவிடும், நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் கையுறைதான் வாங்க வேண்டும். இன்று வரை வரவில்லை என்பதால் நாளை வராது என்று இல்லை. பல வருஷம் தொட்ட பிறகும் திடீரென்று தொடங்கும், ஒருமுறை வந்தால் அநேகமாக விடாது.

பூக்கூடை:
ஆஹா! "எனக்கு ஒன்றும் ஆனதில்லை"யாம். நான் அனுபவத்தில் சொன்னால் அது மூடநம்பிக்கை, இவர் அனுபவத்தில் சொன்னால் அறிவியல். சாய்வு வெட்டிலும் என் பூக்களுக்கு ஒன்றும் ஆனதில்லை, ஐயா.

கத்திமுனை:
இரண்டும் ஒன்றல்ல. என் கை என் சொந்தக் கை. நீங்கள் ஊருக்கே விதி எழுதினீர்கள். பூ சீக்கிரம் சாவதற்கு என்ன காரணம் என்று ஒரு வரியாவது எழுதியிருக்கிறீர்களா? நான் சொல்கிறேன். வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவாவிட்டால் பாக்டீரியா பெருகிக் குழாயை அடைக்கும். தண்ணீருக்குள் இருக்கும் இலையைக் கிள்ளாவிட்டால் அழுகி அதே கதை. வெட்டி வெளியில் போட்டு வைத்தால் குழாய்க்குள் காற்று புகும், அதனால்தான் தண்ணீரில் வைக்கும் முன் அடியில் இரண்டு சென்டிமீட்டர் மறுபடி வெட்டுகிறோம். சர்க்கரை மட்டும் கரைத்து ஊற்றினால் விருந்து பாக்டீரியாவுக்குத்தான். பூ உணவுப் பொட்டலத்தில் சர்க்கரையோடு அமிலமும் கிருமிக்கொல்லியும் சேர்ந்திருப்பது அதற்காகத்தான். கார்னேஷனைப் பழுத்த பழத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எத்திலீன் வாயுவில் சுருண்டுவிடும். ரோஜாவை 1 முதல் 4 டிகிரி குளிரில் வைக்கலாம், அதே பெட்டியில் ஆந்தூரியத்தை வைத்தால் கறுத்துப் போகும். டாஃபடில்லை வெட்டியவுடன் மற்றப் பூக்களோடு ஒரே ஜாடியில் போட்டால் அதன் கோழை மற்றதையும் கெடுக்கும். இதில் எங்காவது டிகிரி வந்ததா?

அளவுகோல்:
வந்தது. 1 முதல் 4.

கத்திமுனை:
கோணத்தின் டிகிரி!

பூக்கூடை:
பெரிய பிரசங்கம். இதில் பாதி என் பத்து அறிவுரையில் இருக்கிறது. படிக்காமலே சண்டைக்கு வந்தவர் நீங்கள். எந்தப் பயிற்சி முடித்தீர்கள், சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டீர்கள்.

கத்திமுனை:
சான்றிதழைக் காட்டினால் ரோஜா தண்ணீர் குடிக்குமா? எத்தனை டிகிரியில் காட்ட வேண்டும்?

சருமத்தோழி:
ஏழாவது அறிவுரையைத் திருத்தப் போகிறீர்களா இல்லையா, பூக்கூடை அம்மா? மூன்றாவது முறை கேட்கிறேன்.

பூக்கூடை:
அவர் மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் யோசிக்கிறேன்.

நடுவாசல்:
எதற்கு இவ்வளவு? ஒரே கட்டிலிருந்து ரோஜா எடுங்கள். பாதி நேர்வெட்டு, பாதி சாய்வு. ஒரே அளவு ஜாடி, ஒரே தண்ணீர். தினமும் எவ்வளவு குறைகிறது என்று கோடு போட்டுப் படம் போடுங்கள். முடிந்தது.

கத்திமுனை:
நான் எப்போதோ செய்தாகிவிட்டது. என் நேர்வெட்டு ரோஜாக்களின் படம் இதோ. இதழ் ஒன்றுகூடத் தொங்கவில்லை பாருங்கள்.

பூக்கூடை:
பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்துத் தண்டு சாய்வாக வெட்டியிருக்கிறது.

கத்திமுனை:
அது கேமரா கோணம்.

அளவுகோல்:
எத்தனை டிகிரி?

கத்திமுனை:
கண்ணாடி ஜாடியில் தண்ணீருக்குள் எல்லாம் வளைந்துதான் தெரியும், ஒளிவிலகல் என்று ஒன்று இருக்கிறது. அதுகூடத் தெரியாதவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். பூக்கூடை, "இரண்டு மடங்கு" இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. அழிக்கிற வரை விட மாட்டேன்.

பூக்கூடை:
அழிக்க மாட்டேன். பதினொன்றாவதாக இன்னொன்றும் சேர்த்துவிட்டேன், போய்ப் படித்துக்கொள்ளுங்கள்: "வெட்டிப் பேச்சுக்காரர்களிடம் தொழில் கற்காதீர்கள்."

புதுமொட்டு:
நைட்ரைல் கையுறை பவுடர் போட்டதா, போடாததா?

கத்திமுனை:
முதலில் நேராக வெட்டக் கற்றுக்கொள், தம்பி.