ஓட்டோ டிக்ஸ் பிரிண்ட்: ஒரிஜினலா, காப்பியா?

கேள்வி: நியூயார்க் மோமா மியூசியம் கலெக்‌ஷன்ல ஜெர்மன் ஓவியர் ஓட்டோ டிக்ஸோட 'போர்' தொகுப்பு இருக்கு, அதுல கேஸ் மாஸ்க் போட்ட சிப்பாய்ங்க நம்மள நோக்கி பாய்ஞ்சு வர்ற படம் பார்த்ததுல இருந்து மனசே சரியில்ல. ஆனா 70 பிரதின்னு போட்டிருக்கே, அப்ப ஒரிஜினல் எது?

பதில்: எல்லாமே ஒரிஜினல்தாங்க. ஓவியத்த போட்டோ எடுத்து அடிச்சது இல்ல இது. தகட்டுல அவரே கீறி, ஆசிட்ல அரிக்க விட்டு, மை தடவி துடைச்சு, ஈரப் பேப்பர வச்சு பிரஸ்ல அழுத்தி எடுக்குறது. 1924ல பெர்லின்ல நீரன்டார்ஃப் வெளியிட்டாரு, பத்து பத்தா அஞ்சு தொகுப்பு, மொத்தம் 50 படம்.

இன்னொரு பதில்: அந்த ஆசிட்தாங்க விஷயமே. அழுகுன உடம்பு, குண்டு விழுந்த மண்ணு எல்லாத்தையும் தகட்ட அரிச்சே கொண்டு வந்திருக்காரு, அவரே முதல் உலகப்போர்ல மெஷின்கன் பிடிச்சவரு, போரைக் கண்ணால பார்த்தவரு.

கேட்டவர்: ரொம்ப நன்றிங்க. இப்ப ஜூம் பண்ணி பார்த்தேன், மாஸ்க் எல்லாம் வெளுத்த மண்டையோடு மாதிரி, கண்ணு இருக்க வேண்டிய இடத்துல கறுப்பா குழி.