‘துணை இயந்திரத் துப்பாக்கி’ என்ற சொல் பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘சப்மெஷின் கன்’ (submachine gun) எனப்படும் துப்பாக்கி வகைக்குப் படைக்கலச் சொற்பட்டியலில் உள்ள ‘துணை இயந்திரத் துப்பாக்கி’ என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்துடன் நான் உடன்படவில்லை. துணைவேந்தர், துணை ஆட்சியர் என்று வழங்கும்போது ‘துணை’ என்பது ஒருவருக்கு அடுத்த நிலையில் இருப்பவரைக் குறிக்கிறது. இந்தத் துப்பாக்கியோ வேறு எதற்கும் அடுத்த நிலையில் நிற்பதன்று. முதல் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் தாம்சன் துப்பாக்கிக்கு இந்த வகைப்பெயரை இட்டவர்கள், கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தொடர்ச்சியாகச் சுடும் சிறிய கருவி என்ற பொருளிலேயே இட்டார்கள்.

அந்தத் தோட்டா நெடுந்தொலைவுக்கு ஏற்றதன்று என்பதை மறந்துவிட்டதால்தான் இவ்வகைக்கு மிகையான புகழ் கிடைத்தது. தாம்சனின் தொடக்க மாதிரிகளில் 600 கெஜம் வரை அளவு குறித்த குறிநோக்கி இருந்தது. உண்மையில் நூறு மீட்டரைத் தாண்டினாலே குறிவைத்துச் சுடுவது கடினம். பதுங்குகுழி, படிக்கட்டு, தெருமுனை ஆகியவையே இதன் களம்.

அந்தப் புகழ் மிகை என்பதற்கு, இவ்வகையைச் சேர்ந்த பிரிட்டனின் ஸ்டென் துப்பாக்கியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அதன் மேகசினில் (தோட்டாக்கூட்டில்) 32 தோட்டாக்கள் இரு வரிசையாக அடுக்கப்பட்டு, வாயருகே ஒரே வரிசையாக நெருக்கப்படும். அந்த வாயின் விளிம்பு சிறிது நெளிந்தாலும், உள்ளே மண் புகுந்தாலும், தோட்டா சிக்கிக்கொள்ளும் என்பதால், வீரர்கள் இரண்டொன்றைக் குறைத்தே நிரப்பினார்கள். மேகசின் மாட்டிய துப்பாக்கி தவறிக் கீழே விழுந்தால், அந்த அதிர்ச்சியிலேயே பூட்டுத்தண்டு (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிச் சுடும் பாகம்) பின்னுக்குப் போய்த் திரும்பி வந்து சுட்டுவிடவும் கூடும். 1942 மே 27 அன்று பிராக் நகரில் நாஜி உயரதிகாரி ஹைட்ரிக்கின் காரை மறித்து நின்ற செக்கோஸ்லோவாக்கிய வீரர் காப்சிக்கின் கையில் இருந்த ஸ்டென் சுடவேயில்லை. உடனிருந்த குபிஷ் எறிந்த குண்டினால்தான் ஹைட்ரிக் காயமுற்று, சில நாள்களில் இறந்தார்.

ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்ய மொழிகள் மூன்றுமே இவ்வகையின் பெயரில் ‘பிஸ்டல்’ என்பதை வைத்திருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆயினும் அதைப் பின்பற்றி ‘இயந்திரக் கைத்துப்பாக்கி’ என்றால், இரு கைகளால் ஏந்தித் தோளில் அணைத்துச் சுடும், ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தாம்சனுக்கு அது ஒட்டாது; மேலும் சோவியத் கைத்துப்பாக்கியான ஸ்டெச்கின் போன்ற, உண்மையிலேயே கைக்கு அடங்கும் தானியங்கிகளுக்கு அச்சொல் தேவைப்படும். இந்தியப் படைகளில், இதே வகையைச் சேர்ந்த பிரிட்டனின் ஸ்டெர்லிங் துப்பாக்கியைக் ‘கார்பைன்’ என்று சொல்லிப் பழகியிருக்கிறார்கள்; ஆனால் அது குறுகிய ரைஃபிளுக்கு உரிய பெயர். பெயர் ஒருமுறை பிழையாக ஊன்றிவிட்டால் பிடுங்குவது எளிதன்று: துப்பாக்கி வடிவமைப்பாளர் ஹ்யூகோ ஷ்மைசர் வடிவமைக்காத, இதே வகையைச் சேர்ந்த ஜெர்மன் துப்பாக்கியான எம்பி 40 இன்றளவும் ‘ஷ்மைசர்’ என்றே பலர் வாயில் வழங்குகிறது.

எனவே சிற்றூர், சிற்றரசு என்பவற்றின் வழியில் ‘சிற்றியந்திரத் துப்பாக்கி’ என்பதை முன்வைக்கிறேன். ‘இலகு இயந்திரத் துப்பாக்கி’ (லைட் மெஷின் கன்) என்ற வேறொரு வகையின் பெயர் எடையைச் சுட்டுகிறது. அது ரைஃபிள் தோட்டாவைச் சுடுவது என்பதால் இரண்டும் குழம்பா. பட்டியலில் விளக்கத்தை இவ்வாறு தரலாம்: “சிற்றியந்திரத் துப்பாக்கி: கைத்துப்பாக்கித் தோட்டாவைப் பயன்படுத்தி, விசையை அழுத்தியிருக்கும்வரை தொடர்ந்து சுடக்கூடியதும், இரு கைகளால் ஏந்திக் குறுகிய தொலைவில் பயன்படுத்துவதுமான துப்பாக்கி.”