புதுப்பிப்பு: படகின் உள்பக்க ஜெல்கோட் பிசுபிசுப்பு தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: ஃபைபர் படகின் உள்பக்கம் ஜெல்கோட் (ஃபைபர் மேல் பூசும் பிசின் பூச்சு) அடித்து மூன்று நாளாகியும் கையில் ஒட்டுகிறதே, கேட்டலிஸ்ட் (பிசினை இறுக வைக்கக் கலக்கும் திரவம்) போதவில்லையா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கேட்டலிஸ்டில் குறையில்லை. காற்று படும் பக்கம் சாதாரண ஜெல்கோட் முழுசாக இறுகாது, ஆக்சிஜன் தடுத்துவிடும். படகு வார்க்கும் அச்சில் அடிக்கும்போது மேலே ஃபைபர் மூடிக்கொள்வதால் இந்தச் சிக்கல் வருவதில்லை. திறந்த பரப்புக்குக் கடைசிக் கோட்டில் மெழுகுக் கரைசல் கலக்க வேண்டும். மெழுகு மேலே மிதந்து வந்து காற்றை மறைத்துவிடும்.

அசிட்டோனில் பிசுக்கை வழித்தெடுத்து, 80ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்தேன். அப்புறம் மெழுகுக் கரைசல் சேர்த்த ஜெல்கோட்டை அரைக் கிலோ அரைக் கிலோவாக எடுத்து, கிலோவுக்குச் சுமார் 15 மில்லி கேட்டலிஸ்ட் கலந்து, வெயில் ஏறுவதற்குள் அடித்தேன். மறுநாள் நகத்தால் கீறிப் பார்த்தேன், தடமே இல்லை! மேலே லேசாகப் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல், அதுதான் மெழுகு.

ஒன்று கவனியுங்கள்: இதன்மேல் இன்னொரு கோட் அடிப்பதானால் அந்த மெழுகை நன்றாகத் தேய்த்து எடுத்தே ஆகணும். இல்லாவிட்டால் ஒட்டாது, உரிந்து வந்துவிடும்.