திருவொற்றியூரில் முதல் கடல்நீர் மீன்தொட்டி: வீட்டருகே உள்ள கடலின் தண்ணீரையே பயன்படுத்தலாமா?

கேள்வி — காலடிப்பேட்டைவாசி

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் முதல் மாடியில் வசிக்கிறேன். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நன்னீர் மீன்கள் வளர்த்து வருகிறேன். கப்பி, மோலி, ஏஞ்சல் என எல்லாமே கொளத்தூரில் வாங்கியவை. ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் கோமாளி மீனும் கடல் சாமந்தியும் (பூப்போலத் தெரியும் கடல் உயிரினம்) சேர்ந்து வாழும் படத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்ததிலிருந்து நம் வீட்டில் அதை வளர்க்க முடியாதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கும் நெடுநாள் ஆசை உண்டு என்பதால், இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்றைச் செய்து வாங்கி வைத்துவிட்டேன். இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை.

வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம். அப்படியிருக்க, உப்புக் கலவையை விலைக்கு வாங்கிக் கரைப்பது தேவைதானா, கடல் தண்ணீரையே குடத்தில் கொண்டுவந்து ஊற்றினால் என்ன என்பது என் முதல் கேள்வி. எங்கள் போர் தண்ணீரும் உவர்ப்பாகத்தான் இருக்கிறது, அதைக் கலந்துகொள்ளலாமா? கடைக்காரர் ஒருவர் 'உயிர்ப்பாறை' (கடலிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பாறை) போட்டால் தொட்டி ஒரே வாரத்தில் தயாராகிவிடும் என்றும், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து தருவித்துத் தர முடியும் என்றும் சொன்னார், அதை நம்பலாமா? மே மாத வெப்பத்தையும் மின்வெட்டையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 — காசிமேட்டுப் பெண்

அண்ணா, எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கடல் தொழிலில் இருக்கிறது. நான் நான்கு ஆண்டுகளாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். அதில் முதல் இரண்டு ஆண்டுகள் முழுக்க முழுக்கக் கடல் தண்ணீரில்தான் ஓட்டினேன். எனவே முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கரையோரத் தண்ணீரை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். உங்கள் வீட்டுக்குத் தெற்கே துறைமுகங்கள், வடக்கே எண்ணூர் முகத்துவாரம். படகுகளின் டீசலும், மழைநீர் வடிகால்களில் வரும் சாக்கடையும், கொசஸ்தலை ஆறு சுமந்து வருபவையும் கரையை ஒட்டியேதான் சுற்றிக்கொண்டிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது வலைகளும் படகுகளும் கறுத்துப்போனதை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றிலும் கடலிலும் கலந்தது கரைந்து போய்விட்டது என்று நம்பி நூறு லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தத் தண்ணீரை அடைப்பது மீன்களுக்குச் செய்யும் துரோகம்.

நான் பயன்படுத்தியது என் அண்ணன் ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பும்போது, கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் கேன்களில் மொண்டு வந்த தண்ணீர். அதையும் துணியில் வடிகட்டி, வெளிச்சம் படாமல் மூடி, காற்றுக்குழாய் விட்டு இரண்டு வாரம் வைத்த பிறகே தொட்டிக்கு ஊற்றுவேன். நீர் தெளிவாகவே இருந்தது, மீன்களும் நன்றாக இருந்தன. பிறகு ஏன் நிறுத்தினேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஓர் ஐப்பசி மாதம் வடகிழக்குப் பருவமழை ஒரு வாரம் விடாமல் கொட்டி ஓய்ந்த பின் வந்த கேன் தண்ணீரை, வழக்கமானதுதானே என்று அளக்காமல் ஊற்றிவிட்டேன். மறுநாள் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்ற பிறகு மிச்சமிருந்த கேனை அளந்தபோது ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; உப்பு கூடினால் இதுவும் கூடும்) 1.021 காட்டியது; என் தொட்டியில் எப்போதும் 1.025 இருக்கும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளமும் மழைநீரும் வங்கக் கடலின் மேல்மட்டத்தில் உப்பை நன்றாகவே குறைத்துவிடுகின்றன என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான்தான் அதைத் தொட்டியோடு பொருத்திப் பார்க்கவில்லை. இரண்டு மீன்களை இழந்தேன். இன்னொன்றும் உண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வெயில் உச்சத்தில் இருந்து, தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற மிகவும் தேவைப்படும் நாட்களில்தான் நல்ல கடல் தண்ணீர் கிடைக்காமல் போகும். படகு வைத்திருக்கும் வீட்டிலேயே இதுதான் நிலை என்றால் உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க முடியாது.

பதில் 2 — கொளத்தூர் பழைய தொட்டி

சகோதரி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். முதல் தொட்டியை உப்புக் கலவையில் தொடங்குவதே நல்லது, ஏனெனில் தவறு நடந்தால் எங்கே நடந்தது என்று தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

சமையல் உப்போ கல்லுப்போ உதவாது. மரக்காணத்திலோ தூத்துக்குடியிலோ உப்பளத்தில் உப்பு படியும்போது சோடியம் குளோரைடுதான் படிகமாகிறது. மக்னீசியம், பொட்டாசியம் போன்றவை பெரும்பாலும் எஞ்சிய நீரிலேயே தங்கிவிடுகின்றன. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியமும் இருக்க வேண்டும். மீன்தொட்டிக்கென விற்கப்படும் உப்புக் கலவை இவற்றையெல்லாம் சேர்த்தே வருகிறது. உங்கள் தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 127 லிட்டர். பாறைகளையும் மேல் விளிம்பில் விடும் இடத்தையும் கழித்தால் 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதற்கு நான்கு கிலோ உப்புக்குச் சற்றுக் குறைவாகவே செலவாகும். தனி வாளியில் கரைத்து, ஒரு நாள் முழுவதும் பம்பு ஓடவிட்டு, ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி விலகலைக் கொண்டு உப்பை அளக்கும் கருவி) 1.025 வருகிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள். பிளாஸ்டிக் முள் கொண்ட மலிவான ஹைட்ரோமீட்டரின் முள்ளில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே கணக்கு மாறிவிடும் என்பதால் அதை நம்பியிருக்காதீர்கள்.

கரைக்கும் தண்ணீர் உப்பைவிட முக்கியம். போர் தண்ணீர் உவர்ப்பாக இருப்பதால் அது பாதிக் கடல் தண்ணீர் ஆகிவிடாது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. அந்த உவர்ப்போடு சேர்ந்து நைட்ரேட்டும் இரும்பும் வேறு என்னென்னவோ வரலாம். காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீர் உங்கள் பகுதிக் குழாயில் வந்தாலும், அதிலும் கிருமி நீக்கத்துக்கான குளோரின் உண்டு. நம் கடலிலிருந்து உப்பை நீக்கி வீட்டுக்கு அனுப்பிய தண்ணீரில் நாம் மறுபடியும் உப்பைக் கரைக்கிறோம் என்பதை நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது. வீட்டு ஆர்ஓ இயந்திரத்தில் தாது சேர்க்கும் பகுதி இருந்தால் அதற்கு முன்பாகவே தண்ணீரைப் பிடியுங்கள். நீரில் கரைந்துள்ளவற்றை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் எண் பூஜ்யத்துக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. கேன் தண்ணீரையும் அளக்காமல் ஊற்றாதீர்கள்.

உயிர்ப்பாறை பற்றி நீங்கள் கேட்டதுதான் என்னை எழுத வைத்தது. தயவுசெய்து வாங்காதீர்கள். பவளங்கள், கடல் விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பவை; ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் பாறை என்றால் அது பெரும்பாலும் பவளத்திட்டில் உடைத்ததாகவே இருக்கும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக அங்கே பவளப்பாறைகளை வெட்டிக் கொண்டுபோனார்கள். அந்தத் தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று நீருக்குள் மூழ்கிக் கிடப்பதற்கு அந்த வெட்டும் காரணமாகச் சொல்லப்படுகிறது. நம் வரவேற்பறையின் அழகுக்காக அதில் ஒரு துண்டுகூட வரக் கூடாது. பீங்கான் போலச் சுட்டுச் செய்த நுண்துளைப் பாறைகள் கிடைக்கின்றன. பார்க்க முதலில் வெள்ளையாக இருந்தாலும் ஆறு மாதத்தில் அவற்றின் மேலும் ஊதா நிறப் பாசி படரும்.

உயிர்ப்பாறைக்கும் இதற்கும் வேறுபாடு காலத்தில்தான். புதிய பாறையில் நுண்ணுயிர்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாகவும், அதை இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது என்பது நன்னீரில் நீங்கள் அறிந்ததுதான். ஆனால் கடல்நீரின் பி.எச். 8.1க்கும் 8.3க்கும் இடையில் இருப்பதால் அதே அளவு அம்மோனியா இங்கே மிகுந்த நச்சாகிறது. ஆகவே விலை குறைந்த டாம்செல் மீன்களை முதலில் விட்டு அவற்றைப் பலி கொடுத்துத் தொட்டியைப் பழக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். காசிமேட்டில் வாங்கிய ஓர் இறாலைச் சிறு வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டால் போதும். அது அழுகும்போது வரும் அம்மோனியாவே நுண்ணுயிர்களுக்கு உணவு. அம்மோனியாவின் அளவு 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) எட்டியதும் இறாலை எடுத்துவிடுங்கள். பிறகு 2 பிபிஎம் அம்மோனியா ஒரே நாளில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை எந்த மீனையும் வாங்காதீர்கள்.

முதல் மீனாக உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கறுப்பு மோலியையே யோசித்துப் பாருங்கள். உப்பின் அளவைச் சில நாட்களில் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போனால் அது முழுக் கடல்நீரிலும் நலமாக வாழும், பாசியையும் மேயும். கோமாளி மீனைப் பண்ணையில் பொரித்ததாகப் பார்த்து வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதன் இனப்பெருக்க முறையை நம் நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது. மகளிடம் ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள்: கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி கட்டாயமில்லை, சாமந்திக்குத்தான் வலுவான ஒளியும் ஆறு மாதத்துக்கு மேல் நிலைத்த தொட்டியும் கட்டாயம். அவசரப்பட்டு வாங்கிய சாமந்தி இடம் தேடி நகர்ந்து பம்பில் சிக்கிச் சிதைந்து, ஒரே இரவில் என் தொட்டி முழுவதையும் கெடுத்திருக்கிறது.

பதில் 3 — வியாசர்பாடி மின்பணியாளர்

வெப்பத்தையும் மின்சாரத்தையும் பற்றி நான் எழுதுகிறேன். மேசை விசிறி போன்ற சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகப் பொருத்தினால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். ஆனால் காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் நம் கடலோரப் பகுதியில் அதன் பலன் குறைவு. மீன் மட்டும் என்றால் இதைக் கொண்டு காலம் தள்ளலாம். பவளம் போன்றவற்றுக்குச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இல்லாமல் முடியாது. விசிறி ஓடினால் என் தொட்டியில் நாளுக்கு இரண்டு லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும்; எனவே குறைந்த அளவை ஆர்ஓ நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் இங்கே உப்புநீரை ஊற்றி, தெரியாமலேயே உவர்ப்பை நாளுக்கு நாள் ஏற்றிவிடுகிறார்கள்.

மின்வெட்டில் முதலில் தீர்வது பிராணவாயு; சூடான உப்புநீரில் அது ஏற்கெனவே குறைவாகத்தான் கரைந்திருக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் நீரோட்ட பம்பு ஒன்றை மட்டும் இணையுங்கள், கூடவே பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்றையும் வாங்கி வையுங்கள். ஒயர்கள் பிளக்குக்குப் போகுமுன் ஒரு வளைவு கீழே தொங்குமாறு விட்டால், வழிந்து வரும் உப்புநீர் பிளக்கில் ஏறாமல் அங்கேயே சொட்டிவிடும். இந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம் போடுங்கள், ஏனெனில் உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். குழந்தை கை வைக்கும் தொட்டி அது. பாறை, கண்ணாடி, தண்ணீர் சேர்ந்தால் 170 கிலோவைத் தாண்டும் என்பதால், முதல் மாடியில் சுவரை ஒட்டி, அடியில் உத்தரம் போகும் இடமாகப் பார்த்து வையுங்கள். இரும்பு ஸ்டாண்டு என்றால் உப்புத்தூள் பட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பதில் 4 — காலடிப்பேட்டைவாசி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பதில் எழுதத் தாமதித்ததற்கு மன்னிக்கவும். செய்து பார்த்துவிட்டு எழுத விரும்பினேன். உயிர்ப்பாறை வேண்டாம் என்று அந்தக் கடையில் சொல்லிவிட்டேன். தொட்டியைக் கூடத்தின் மூலைச் சுவருக்கு மாற்றி, சுட்ட பாறைகளை அடுக்கி, ஆர்ஓ தண்ணீரில் உப்புக் கரைத்து ஊற்றி இன்று 19 நாட்கள் ஆகின்றன. இறால் நாற்றத்தைப் பற்றி வீட்டில் முதல் நாள் மட்டும் பேச்சு எழுந்தது. அம்மோனியா 2 வரை ஏறி இப்போது அரையாக இறங்கியிருக்கிறது. நைட்ரைட் காட்டும் குப்பி அடர் ஊதாவாகிறது. மகள் தினமும் பள்ளி விட்டு வந்ததும் இரண்டு எண்களையும் நாட்காட்டியில் எழுதி வைக்கிறாள். பழைய தொட்டியிலிருந்து இரண்டு கறுப்பு மோலிகளைப் பிரித்துத் தனி வாளியில் விட்டிருக்கிறோம். இன்று அதன் ஒப்படர்த்தி 1.008. நாளொன்றுக்கு எவ்வளவு ஏற்றினால் அவற்றுக்குத் துன்பம் இருக்காது என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில் 5 — கொளத்தூர் பழைய தொட்டி

நாளொன்றுக்கு 0.002க்கு மேல் வேண்டாம். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஓரத்தில் நின்றால் அன்றைக்கு ஏற்றாமல் விட்டுவிடுங்கள். உப்பை நேராக வாளியில் போடாமல், கரைத்து வைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 1.025ஐ எட்டிய பிறகு மோலிகள் வாளியிலேயே காத்திருக்கட்டும். நைட்ரைட் குப்பி நிறம் மாறாமல் நிற்கும் நாளில் மகளின் கையாலேயே அவற்றைத் தொட்டியில் விடச் சொல்லுங்கள்.