இசட்80, 6502, 4116 சிப்களைத் தனியா சோதிக்க ரிக்: இசட்80 மட்டும் ஏன் துடிக்கல?

காட்பாடி_8பிட்:
வணக்கம். 1984ல் ஆரம்பிச்ச கிளாஸ் (பள்ளிகள்ல கணினி கத்துக் கொடுத்த அரசுத் திட்டம்) திட்டத்துல பள்ளிகளுக்குப் போன பிபிசி மைக்ரோ போர்டு ரெண்டு, ஸ்பெக்ட்ரம் போர்டு ஒண்ணு கையில இருக்கு, எல்லாம் பழைய 8 பிட் கணினி. மூணுமே உயிர் இல்லாம கிடக்கு. சந்தையில வர்ற பழைய சிப்ல ரீமார்க் சரக்கு (மேல எழுத்தை அழிச்சு வேற பேர் போட்டது) நிறைய கலந்திருக்கு. அதனால இசட்80, 6502 ப்ராசசரையும் 4116 ராம் சிப்பையும் போர்டுல ஏத்துறதுக்கு முன்னாடி தனியா சோதிக்க ஒரு ரிக் (சோதனை அமைப்பு) கட்டிட்டு இருக்கேன்.

இப்ப இருக்கிற அமைப்பு: 40 கால் ஜிஃப் சாக்கெட் (நெம்புகோல் வச்சு சிப்பை அழுத்தாம மாட்டுற வகை) ரெண்டு. இசட்80ஏ-க்கு 4 மெகாஹெர்ட்ஸ், 6502ஏ-க்கு 2 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர். இசட்80 டேட்டா பஸ் முழுக்க தரைக்கு இழுத்து நாப் (எதுவும் செய்யாத) கட்டளை 00 கொடுக்கிறேன், 6502-க்கு ஈஏ. ரெண்டுலயும் ஒரு நாப்புக்கு 1 மைக்ரோ செகண்ட்தான், அதனால ஏ15 காலில் (முகவரியோட மேல் பிட்) 65.5 மில்லி செகண்டுக்கு ஒரு சுற்று வரணும். அதை 74எல்எஸ்393 கவுன்ட்டர் வச்சு 16ஆல் வகுத்து எல்இடிக்குக் கொடுத்திருக்கேன். 6502 வச்சா நொடிக்கு ஒரு தடவை அழகா துடிக்குது. இசட்80 வச்சா துடிக்கவே இல்ல, எல்இடி மங்கலா நின்ன மேனிக்கு எரியுது. மூணு சிப் மாத்தியாச்சு, அதுல ஒண்ணு ஓடிட்டிருக்கிற மெஷின்ல இருந்து எடுத்தது. காரணம் என்னவா இருக்கும்?

இன்னொண்ணு, 4116 ராம் சோதிக்க அர்டுயினோ நானோ (சின்ன கன்ட்ரோலர் போர்டு) போதுமா? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனா ஒரு நாள் முழுக்கப் போயிடும், அதனால வாங்க வேண்டியதை மொத்தமா சொன்னா நல்லது.

பாலாறு_லாஜிக்:
சிப் மேல குறை இல்லை சார். இசட்80 ஒவ்வொரு கட்டளையையும் எடுத்த பிறகு, அதே எம்1 சுழற்சியின் (கட்டளையை எடுக்கும் சுழற்சி) பின்பாதியில் டைனமிக் ராமுக்கான ரிஃப்ரெஷ் (மின்னூட்டத்தைப் புதுப்பிக்கும்) முகவரியை முகவரிக் கால்களில் வைக்கும். கீழ் 7 பிட்டில் ஆர் ரெஜிஸ்டர், மேல் 8 பிட்டில் ஐ ரெஜிஸ்டர். ரீசெட்டுக்குப் பிறகு ஐ பூஜ்யம். ஆக, நிரல் மேல் 32கே-யில் ஓடும்போது ஏ15 ஒவ்வொரு மைக்ரோ செகண்டிலும் ஒரு முறை 1 ஆகி, ரிஃப்ரெஷில் 0 ஆகிறது. உங்கள் 393 ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பை எண்ணவில்லை, 32768 துடிப்பை எண்ணுகிறது. கண்ணுக்கு அது மங்கலான வெளிச்சமாகத்தான் தெரியும். 6502-ல் ரிஃப்ரெஷ் கிடையாது, அதனால் அங்கே நேராக வேலை செய்கிறது.

தீர்வுக்கு ஒரு 74எல்எஸ்04 (இன்வெர்ட்டர்), லாட்ச்சாக ஒரு 74எல்எஸ்74 (ஃப்ளிப்-ஃப்ளாப்) போதும். ஆர்டி (21ஆம் கால், படிப்பதைக் காட்டும்) சமிக்ஞையை 04-ல் தலைகீழாக்கி 74-ன் 3ஆம் காலுக்குக் கொடுங்கள். இசட்80-ன் ஏ15 (5ஆம் கால்) 74-ன் 2ஆம் காலுக்கு. 1, 4 இரண்டையும் 5 வோல்ட்டுக்குக் கட்டிவிட்டு, 5ஆம் காலில் வரும் வெளியீட்டை 393-க்குக் கொண்டு போங்கள். ஆர்டி கீழே இறங்கும் நேரத்தில் முகவரி நிலையாக நிற்கும். ரிஃப்ரெஷின்போது எம்ரெக் (நினைவகக் கோரிக்கை) மட்டும் இறங்கும், ஆர்டி இறங்காது, அதனால் ரிஃப்ரெஷ் முகவரி லாட்சுக்குள் நுழையாது. எம்1-ஐ வைத்து லாட்ச் செய்ய வேண்டாம். எம்1 ஏறும் அதே சமயத்தில்தான் முகவரியும் மாறுகிறது, எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது.

கூடவே மூன்று விஷயம் பாருங்கள். இசட்80-ன் கடிகாரக் கால் (6) சாதாரண டிடிஎல் அளவை ஏற்காது, கிட்டத்தட்ட 5 வோல்ட் வரை ஏற வேண்டும். ஆசிலேட்டர் வெளியீட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 330 ஓம் போடுங்கள். எல்இடியை முகவரிக் காலில் நேராக மாட்டாதீர்கள். என்மாஸ் இசட்80 மேலே தள்ளும் மின்னோட்டம் கால் மில்லி ஆம்பியர்தான். இடையில் 74எச்சிடி541 வையுங்கள். எச்சி வகை வாங்கினால் என்மாஸ் சிப்பின் 2.4 வோல்ட்டை அது 1 என்று எடுத்துக்கொள்ளும் என்ற உத்தரவாதம் இல்லை, எச்சிடி-யாகவே கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, ஐஎன்டி, என்எம்ஐ, வெயிட், பஸ்ரெக் (16, 17, 24, 25) நான்கும் தலா 10கே வழியாக 5 வோல்ட்டுக்குப் போக வேண்டும். வெயிட் மிதந்தால் நல்ல சிப்பும் செத்தது போல நிற்கும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. 00 மட்டும் கொடுத்து ‘பாஸ்’ என்று எழுதி வைக்காதீர்கள். டி2 (டேட்டா பஸ்ஸின் ஒரு பிட்; டி0 முதல் டி7 வரை எட்டு) உள்ளே 1-ல் மாட்டிக்கொண்டால் 00 என்பது 04 ஆகும், அதாவது பி ரெஜிஸ்டரை ஒன்று கூட்டும் கட்டளை. அதற்கும் 4 சுழற்சிதான், எல்இடி அப்படியே துடிக்கும். டி3, டி6, டி7 மாட்டினாலும் இதே கதை. டேட்டா பஸ்ஸில் 8 வழி டிப் சுவிட்ச் வையுங்கள்: ஒவ்வொரு பிட்டுக்கும் 5 வோல்ட்டுக்கு 10கே, சுவிட்ச் வழியாகத் தரைக்கு 1கே. சிப் எழுத முயன்றாலும் 1கே காப்பாற்றும். பிறகு இந்த வரிசை (கட்டளைகள் எல்லாம் ஹெக்ஸ் எண்ணில்):

00: லாட்ச் செய்த ஏ15, 65.5 மில்லி செகண்ட்.
76: ஹால்ட் கால் (18) இறங்கி நிற்க வேண்டும். டி3, டி7 1-ல் மாட்டியிருந்தால் இறங்காது.
02: டபிள்யூஆர் (22, எழுதுவதைக் காட்டும்) துடிக்க வேண்டும். டி2, டி6 சந்தேகம் இதில் தீரும்.
எஃப்எஃப்: இதிலும் டபிள்யூஆர் துடிக்க வேண்டும். டி0 அல்லது டி7 0-ல் மாட்டியிருந்தால் வராது.
டிபி: ஐஓரெக் (உள்ளீடு-வெளியீட்டுக் கோரிக்கை), ஆர்டி துடிக்கணும், டபிள்யூஆர் துடிக்கவே கூடாது. துடித்தால் டி3 0-ல் மாட்டியிருக்கிறது.

ஒவ்வொரு முறை சுவிட்சை மாற்றிய பிறகும் ரீசெட் அழுத்த மறக்காதீர்கள்.

காட்பாடி_8பிட்:
ரொம்ப நன்றி சார். ஆர்டி வழியா லாட்ச் பண்ணதும் மூணுமே துடிக்குது. ஆனா ஒரு சிப் 00, 76 ரெண்டுலயும் சரியா இருக்கு, 02 போட்டா டபிள்யூஆர் வரவே இல்ல. டி2-வா டி6-ஆ எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பாலாறு_லாஜிக்:
02 வைத்தபடியே லாட்ச் வெளியீட்டின் அதிர்வெண்ணை அளந்து பாருங்கள். டி6 மாட்டியிருந்தால் கட்டளை 42 ஆகும், பைட்டுக்கு 4 சுழற்சி, 15.3 ஹெர்ட்ஸ். டி2 என்றால் 06, இரண்டு பைட்டுக்கு 7 சுழற்சி, 17.4 ஹெர்ட்ஸ். அதிர்வெண் அளக்கும் மல்டிமீட்டரே போதும். இரண்டில் எதுவானாலும் அந்தச் சிப் போர்டுக்கு ஆகாது. ஆனால் அதற்கு முன் ஜிஃப் சாக்கெட்டின் தொடர்பைச் சரி பாருங்கள். பழைய சிப்பின் வெள்ளி முலாம் பூசிய கால்கள் கறுத்திருந்தால், குறிப்பாக டேனரிப் பக்கம் கிடந்த போர்டு என்றால், ஃபைபர் பேனாவால் தேய்த்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

ஆரணி_சால்டர்:
4116 பத்தி நான் சொல்றேன். நானோ போதும்ணா. முகவரி 7, ராஸ் (வரிசை முகவரிக்கு), காஸ் (நெடுவரிசை முகவரிக்கு), டபிள்யூஇ (எழுத), டேட்டா உள்ளே, வெளியே, ஆக 12 கால்தான். கஷ்டம் புரோகிராம்ல இல்ல, பவர்ல. இதுக்கு மூணு சப்ளை வேணும்: 1ஆம் கால் மைனஸ் 5, 8ஆம் கால் 12, 9ஆம் கால் 5, 16 தரை. மைனஸ் 5 முதல்ல வரணும், கடைசியில போகணும். மைனஸ் 5 இல்லாம 12 ஏறினா சிப் போயிடும்.

மைனஸ் 5-க்கு ஐசிஎல்7660 ஒண்ணும் 10 மைக்ரோஃபாரட் ரெண்டும் போதும், இந்தக் கால் எடுக்கிறது ரொம்பக் கம்மி. 12-க்கு எம்டி3608 பூஸ்ட் மாட்யூல். அந்த 12-ஐ ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் வழியா நானோவே திறக்கட்டும். மைனஸ் 5 வந்துடுச்சான்னு பார்க்க, பிளஸ் 5ல இருந்து 10கே, மைனஸ் 5ல இருந்து 22கே, நடுப்புள்ளியை அனலாக் காலுக்குக் கொடுங்க. மைனஸ் 5 இல்லன்னா அங்க 3.4 வோல்ட் இருக்கும், முழுசா இருந்தா 1.9. 2.03-க்குக் கீழ இறங்கினா மைனஸ் 4.5 தாண்டியாச்சுன்னு அர்த்தம், அப்புறம்தான் 12 திறக்கணும். சாக்கெட் காலை ஒட்டியே 12-க்கும் மைனஸ் 5-க்கும் தலா ஒரு 0.1 மைக்ரோஃபாரட். ராஸ், காஸ் வரிகள்ல 33 ஓம் தொடர்ல வைங்க.

புரோகிராம்ல டிஜிட்டல்ரைட் (அர்டுயினோவோட கால் மாத்துற கட்டளை) வேண்டாம், ஒரு அழைப்புக்கே சில மைக்ரோ செகண்ட் தின்னுடும். 2 மில்லி செகண்டுக்குள்ள 128 வரிசையையும் ரிஃப்ரெஷ் பண்ணணும், அதனால போர்ட்டுல நேரா எழுதுங்க. மார்ச் சி மைனஸ் முறைதான் (முகவரி வரிசையில ஏறியும் இறங்கியும் படிச்சு எழுதுற சோதனை) சரி. வெறும் செஸ்போர்டு மாதிரி 0, 1 எழுதிப் படிச்சா முகவரிக் கோளாறு தப்பிச்சுடும்.

நானோ ‘பாஸ்’ சொன்னாலும் வேகத்தை அது பார்க்கல, அதை மனசுல வைங்க. அதோட ஒரு கட்டளைக்கே 62.5 நானோ செகண்ட். 150, 200, 250 நானோ செகண்ட் சிப் எல்லாம் அதுக்கு ஒண்ணுதான். ரீமார்க் சரக்குல மாட்டுறதே அங்கதான். சூடும் ஒரு சோதனை: எழுதிட்டு 2 மில்லி செகண்ட் ரிஃப்ரெஷ் இல்லாம விட்டுப் படிங்க, அறை வெப்பத்துல ஒரு தடவை, ஹேர் டிரையரால சூடாக்கி ஒரு தடவை. நம்ம ஊர் மே மாசத்துல பொட்டிக்குள்ள இருக்கிற சூட்டுல மின்னூட்டம் சீக்கிரம் கசியும். காலையில ஓடி மதியம் தொங்குற மெஷின்ல இதையும் சந்தேகப்படணும்.

அப்புறம், பிபிசி மைக்ரோல இருக்கிற 4816-ம், 4164-ம் 5 வோல்ட் மட்டும் கேக்கிற சிப். இந்த சாக்கெட்ல தப்பித் தவறி வச்சா 8ஆம் கால்ல 12 ஏறிடும். தனி சாக்கெட், தனி நிறம், பெருசா எழுதின லேபிள்.

குடியாத்தம்_ரோம்:
மேலே சொன்னதெல்லாம் சரிதான், ஆனா ஸ்பெக்ட்ரத்துக்கு இந்த ரிக் பாதி தூரம்தான் வரும். யூஎல்ஏ-வை (ஸ்பெக்ட்ரத்துக்குன்னே செஞ்ச சிப்) தனியா சோதிக்க வழி இல்லை, அதுக்கு அந்த போர்டேதான் ரிக். முதல்ல டிஆர்4, டிஆர்5 டிரான்சிஸ்டர், பக்கத்துல இருக்கிற காயில் பாருங்க. அங்கே இருந்துதான் 12-ம் மைனஸ் 5-ம் பிறக்குது. இதைச் சரி பண்ணாம நல்ல 4116 ஏத்தினா அதையும் இழப்பீங்க. அப்புறம் 14 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், டிஆர்3 வழியா சிபியு 6ஆம் காலுக்கு வர்ற 3.5 மெகாஹெர்ட்ஸ், 16ஆம் கால்ல நொடிக்கு 50 ஐஎன்டி துடிப்பு. மூணும் இருந்தா யூஎல்ஏ பெரும்பாலும் உயிரோட இருக்கு.

அடுத்து ரோம் இடத்துல சின்ன சோதனை நிரல். அதுல CALL, புஷ், ரிட்டர்ன் கட்டளை எதுவும் வரக்கூடாது, ராமே சந்தேகத்துல இருக்கும்போது ஸ்டாக்கை நம்ப முடியாது. எல்லாம் ரெஜிஸ்டர்லயே ஓடணும். முடிவை போர்ட் 254-ல எழுதினா பார்டர் நிறமா தெரியும், எந்த பிட் போச்சுங்கறதை அத்தனை தடவை நிறம் மாத்திக் காட்டலாம்.

காட்பாடி_8பிட்:
அளந்தாச்சு, 17.4. டி2 தான். 6502 பக்கம் புது 65சி02 ஒண்ணு ஒப்பிடறதுக்கு வாங்கலாம்னு இருக்கேன், அதே சாக்கெட்ல வைக்கலாமா?

பாலாறு_லாஜிக்:
அப்படியே வைக்காதீர்கள். பழைய 6502-ல் 1ஆம் கால் தரை. இப்போது விற்கும் டபிள்யூடிசி 65சி02-ல் அதே கால் விபிபி என்ற வெளியீடு, தரையில் கட்டினால் ஒவ்வொரு முறை அது 1 ஆகும்போதும் ஷார்ட்தான். 1ஆம் காலுக்கு ஒரு ஜம்பர் வைத்து, புது சிப் ஏற்றும்போது கழற்றிவிடுங்கள். தரைக்கு 21ஆம் கால் இருக்கிறது, அது போதும்.