சாவு வீட்டில் வராத அழுகை டீக்கடையில் வருகிறதே, உங்களுக்கும் இப்படியா?

மொட்டைமாடி: அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. காரியம் முடியும்வரை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, கல்நெஞ்சுக்காரன் என்றுகூடப் பேசினார்கள். நேற்று டீக்கடையில் 'கண்ணே கலைமானே' ஓடியது, அவ்வளவுதான், பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உங்களுக்கு எதைக் கண்டால் இப்படி ஆகும்?

கடைசிபெஞ்ச்: அந்தப் பாட்டா, கேட்கவே வேண்டாம். 1982-ல் 'மூன்றாம் பிறை' வந்தபோது அதை எழுதிய கண்ணதாசனே உயிரோடு இல்லை, முந்தைய அக்டோபரிலேயே போய்விட்டார். கடைசியில் ரயில் நிலையத்தில் கமல் குரங்கு மாதிரி ஆடிக் காட்டுவார், ஸ்ரீதேவி அடையாளம் தெரியாமல் யாரோ பைத்தியம் என்று நினைத்து சாப்பாட்டைத் தூக்கிப் போடுவார். எத்தனை தடவை பார்த்தாலும் ரயிலை நிறுத்தச் சொல்லிக் கத்தத் தோன்றும்.

ஈயச்சொம்பு: எனக்குப் படமெல்லாம் வேண்டாம். அம்மாவின் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும் இல்லையா, தினமும் அந்தக் குண்டானில்தான் பால் காய்ச்சுகிறேன், தேய்த்துத் தேய்த்து இனிஷியல் அழிந்துவிட்டது. போன வாரம் கழுவும்போது விரலில் தட்டுப்படவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

சின்னவெங்காயம்: வெங்காயம் நறுக்கும்போது அழுதுவிடுங்கள், ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து நறுக்கினால் எரிச்சல் குறையும்தான், நான் வேண்டுமென்றே வைப்பதில்லை.

மொட்டைமாடி: @ஈயச்சொம்பு, அலுவலகத்தில் இருக்கிறேன், இப்படியா எழுதுவீர்கள்.