ஒம்பது மாசக் குழந்தையோட டொரொண்டோ கல்யாணம், போலாமா வேணாமா?

பொள்ளாச்சி பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. என் தம்பிக்கு ஆவணில கல்யாணம், டொரொண்டோல. பொண்ணு யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஸ்கார்பரோல செட்டில் ஆனவங்க, ரெண்டு பேருக்கும் வேலை அங்கயேங்கறதால கல்யாணத்தயும் அங்கயே வெச்சுட்டாங்க. நான் ஒரே அக்கா, நாத்தனார் முடிச்சு நான்தான் போடணும்னு அம்மா ஒத்தக்கால்ல நிக்கறாங்க.

பையனுக்கு இப்ப ஏழு மாசம். கெளம்பறப்ப ஒம்பது அப்பதான் முடிஞ்சிருக்கும். தாய்ப்பால்தான், கூட ரெண்டு வேளை கேழ்வரகு கூழ். தூளில போட்டு ஆட்டுனாதான் தூக்கமே, மடில படுக்க வெச்சா முதுக வளைச்சுட்டு கத்துவான். வீட்டுக்காரருக்கு லீவு இல்ல, கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் வந்து சேருவாரு, வரப்ப எல்லாரும் ஒண்ணா வந்துருவோம். போறப்ப நானும் அம்மாவும் மட்டும், அம்மாவுக்கு முட்டி வலி வேற. சென்னை, துபாய், டொரொண்டோன்னு பாத்து வெச்சிருக்கோம், துபாய்லருந்தே பதினாலு மணி நேரமாம், நெனச்சாலே வயித்த கலக்குது.

மாமியார் "பிள்ளைய எங்கிட்ட விட்டுட்டு நீ போய்ட்டு வா"ங்கறாங்க. பால் குடிக்கற குழந்தைய எப்படிங்க விட்டுட்டு போறது? போனவங்க யாராச்சும் இருந்தா உள்ளது உள்ளபடி சொல்லுங்க, "ஒண்ணும் ஆகாது தைரியமா போ"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அத சொல்ல வீட்டுலயே நெறய பேர் இருக்காங்க.

மூணாவது மாடி:
போறதா வேணாமாங்கறது இருக்கட்டும்மா, பையனுக்கு பாஸ்போர்ட் எடுத்தாச்சா? அதயே நீங்க சொல்லல. ஆவணிக்கு நாள் ரொம்ப இல்ல.

2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பொறந்த குழந்தைங்களுக்கு பொறந்த தேதிக்கு பர்த் சர்டிபிகேட் மட்டும்தான் செல்லும், ஆதார காட்டி வேல நடக்காது. நம்ம ஊர்ல பாதி பேரு ஆஸ்பத்திரில குடுத்தத அப்படியே வாங்கி பீரோல வெச்சிருப்பாங்க, அதுல குழந்த பேரே இருக்காது. மொதல்ல அத எடுத்து பாருங்க, பேரு இல்லன்னா நகராட்சில போய் ஏத்திட்டு அப்புறம் பாஸ்போர்ட்டுக்கு போங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட அனெக்ஸர் டிங்கற உறுதிமொழி ஃபார்ம் வேணும். நாலு வயசுக்கு கீழன்னா போட்டோவ நாமளே எடுத்துட்டு போகணும், வெள்ள பேக்ரவுண்டுல. வெள்ள பெட்ஷீட்டுல படுக்க வெச்சு மேலருந்து எடுத்தா ஈசி.

இன்னொண்ணு, இனிஷியல். ஃபார்ம்ல சர்நேம்ங்கற கட்டத்த காலியா விட்டுட்டு பேர மட்டும் போட்டுறாதீங்க. அப்பா பேர முழுசா அதுல போடுங்க. ஒத்தப் பேரு பாஸ்போர்ட் வெச்சிருக்கறவங்கள 2022 கடைசில துபாய் பக்கம் விசிட் விசால விடமாட்டேன்னு சொன்னப்ப நம்மாளுங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். விசா, டிக்கெட் எல்லாத்துலயும் பேரு ஒரே மாதிரி இருக்கணும்.

கனடா விசா கைக்குழந்தைக்கும் தனியாத்தான், உங்க விசாவுல சேத்துக்க மாட்டாங்க. ஃபீஸும் பெரியவங்களுக்கு உள்ள அதே 100 டாலர். கைரேகைக்கு மட்டும் போக வேணாம், பதினாலு வயசுக்கு கீழ அது கெடையாது. தம்பிகிட்ட இன்விடேஷன் லெட்டரும் பத்திரிகையும் வாங்கி அப்ளிகேஷனோட வைங்க. அப்புறம் போறப்ப வீட்டுக்காரரு கூட வரல இல்லியா, அவரு "எம் பையன என் மனைவி கூட்டிட்டு போறதுல எனக்கு சம்மதம்"னு ஒரு லெட்டர் எழுதி நோட்டரி போட்டு, அவரு பாஸ்போர்ட் காப்பியோட குடுக்கட்டும். அங்க இமிகிரேஷன்ல கேட்டாலும் கேப்பாங்க கேக்காமயும் விடுவாங்க, கேக்கறப்ப கையில இல்லன்னா நிக்க வெச்சுருவாங்க.

அம்மாவுக்கு டிக்கெட் போடறப்பவே வீல்சேர் கேட்டுருங்க. வெக்கப்பட வேண்டியதில்ல, முட்டி வலி நெசமாத்தான இருக்கு. துபாய்ல ஒரு கேட்லருந்து இன்னொரு கேட்டுக்கு நடக்கற தூரம் அம்மாவால ஆகாது, வீல்சேர் தள்றவரு கூடவே நீங்களும் பிள்ளையும் போய்க்கலாம், வழி தேடி அலைய வேணாம்.

கூழ் டப்பா:
அக்கா நான் பையன் எட்டு மாசமா இருக்கறப்ப நெதர்லாந்து போனேன், வீட்டுக்காரர் அங்கதான் இருந்தார், தனியாதான் தூக்கிட்டு போனேன். உள்ளது உள்ளபடி சொல்லணும்னா கஷ்டம்தான், ஆனா நீங்க பயப்படற எடத்துல இல்ல கஷ்டம்.

பாசினெட் கேப்பீங்க, கேளுங்க, டிக்கெட் போட்ட கையோட ஏர்லைனுக்கு போன் பண்ணி கேளுங்க, மொத வரிசைல செவுத்துல மாட்டற தொட்டில் அது, ஒரு ஃப்ளைட்ல கொஞ்சம்தான் இருக்கும், எடை கணக்கும் ஏர்லைனுக்கு ஏர்லைன் மாறும் அதயும் கேட்டுக்கங்க. ஆனா அதுல குழந்த தூங்கும்னு மட்டும் நம்பி போகாதீங்க. சீட் பெல்ட் லைட் எரிஞ்சா தொட்டில்லருந்து தூக்கி மடில வெச்சு பெல்ட் போடணும்னு சொல்லுவாங்க. அரை மணி நேரம் ஆட்டி தட்டி அப்பதான் கண்ண மூடியிருக்கும், உடனே டிங்குனு ஒரு சத்தம், ஏர்ஹோஸ்டஸ் வந்து சிரிச்சுட்டே தூக்கச் சொல்லும். அந்த நேரத்துல வர்ற கோவம் இருக்கே! அப்பறம் அந்த மொத வரிசைல முன்னாடி சீட்டு கெடையாது, பைய காலடில வெச்சுக்க விடமாட்டாங்க, மேல வெக்கணும். அதனால டயபர் ரெண்டு, வைப்ஸ், ஒரு டிரெஸ், ஒரு கூழ் டப்பா மட்டும் ஒரு சின்ன துணிப்பைல போட்டு தனியா வெச்சுக்கங்க. மாத்து டிரெஸ் உங்களுக்கும் வேணும், அம்மாவுக்கும் வேணும், அவன் யார் மேல வேணா வாந்தி எடுப்பான்.

கூழுக்கு: வறுத்து அரைச்ச சத்துமாவ ஒரு வேளைக்கு ஒரு டப்பான்னு அளந்து போட்டுருங்க, சுடுதண்ணி ஃப்ளைட்ல கேட்டா குடுப்பாங்க, கொதிக்க கொதிக்க குடுப்பாங்க, மூடி வெச்சு ஆற வெச்சுதான் குடுக்கணும். கைப்பைல தண்ணி வகை 100 மில்லிக்கு மேல கூடாதும்பாங்களே, பால், குழந்த சாப்பாட்டுக்கு அந்த கணக்கு பாக்க மாட்டாங்க, ஆனா தனியா எடுத்து காட்டணும், துபாய்ல மறுபடி ஸ்கேன் இருக்கும்.

காது வலிக்கு எறங்கறப்ப பால் குடுக்கணும்னு எல்லாரும் சொல்லுவாங்க. லேண்ட் ஆகற நிமிஷத்துல இல்ல, எறங்க ஆரம்பிக்கறது அதுக்கு அரை மணி முன்னாடியே. அப்பவே குடுக்க ஆரம்பிங்க. அதுக்கு மொதல்ல இருந்தே பசி இருக்கற மாதிரி பாத்துக்கணும், வயிறு ரொம்பியிருந்தா வாயவே தொறக்க மாட்டான்.

கடைசியா ஒண்ணு, கெளம்பற முன்னாடி பக்கத்து வீட்டு ஆன்ட்டி சளி மருந்து அரை ஸ்பூன் குடுத்தா நல்லா தூங்கிருவான்னு சொன்னாங்க, எங்க சொந்தத்துல நெறய பேர் அப்படித்தான் கூட்டிட்டு போறாங்க. நான் குடுக்கல. யாராச்சும் குடுத்திருக்கீங்களா?

நைட் டியூட்டி:
குடுக்காதீங்க. குழந்தைகள் வார்டுல வேலை பாக்கறேன், அதனால கொஞ்சம் கறாராவே சொல்றேன். அந்த தூக்கம் வர்ற சளி மருந்துல இருக்கறது பெரும்பாலும் குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும். அந்த கலவய நாலு வயசுக்கு கீழ குடுக்கக்கூடாதுன்னு லேபிள்லயே போடணும்னு 2023 டிசம்பர்ல மத்திய மருந்து கட்டுப்பாடு உத்தரவே போட்டிருக்கு. சில குழந்தைங்க அத குடிச்சா தூங்காம இன்னும் துள்ளும், சிலதுக்கு மூச்சு மட்டுப்படும், நடுவானத்துல வெச்சுட்டு என்ன பண்ணுவீங்க? காய்ச்சலுக்கு பாராசிட்டமால் டிராப்ஸ் மட்டும் எடுத்துக்கங்க, எடைக்கு எத்தன மில்லின்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கி பாட்டில்லயே ஒட்டிருங்க.

அத விட முக்கியமா ஒண்ணு இங்க யாரும் சொல்லல. தட்டம்மை. கனடால, டொரொண்டோ இருக்கற ஒண்டாரியோ மாகாணத்துல நெறயவே பரவி, தட்டம்மைய ஒழிச்ச நாடுங்கற அந்தஸ்தயே 2025 நவம்பர்ல கனடா இழந்துருச்சு. நம்ம தடுப்பூசி அட்டவணைல அதுக்கான எம்ஆர் ஊசி ஒம்பது மாசம் முடிஞ்சப்பறம்தான். உங்க பையனுக்கு ஒம்பது முடியறதும் ஃப்ளைட் ஏறறதும் ஒண்ணா வருது, ஊசி வேல செய்ய ரெண்டு வாரம் ஆகும். ஆறு மாசம் தாண்டுன குழந்தைக்கு பயணத்துக்காக முன்கூட்டியே ஒரு டோஸ் போடற வழக்கம் இருக்கு, ஆனா அது கணக்குல வராது, வழக்கமான டோஸ் அப்பறமா மறுபடி போட்டே ஆகணும். போடலாமா வேணாமான்னு இந்த வாரமே உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. கல்யாண மண்டபம்னா நானூறு பேரு கன்னத்த கிள்ளுவாங்க.

டிராவல் இன்சூரன்ஸ் குழந்த பேர்லயும் எடுங்க. அங்க ஊர்க்காரங்களுக்குத்தான் ஆஸ்பத்திரி இலவசம், நமக்கு இல்ல.

ஸ்காபரோ வாசி:
தங்கச்சி, நான் இஞ்ச கன வருசமா இருக்கிறன். பிளேனைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுறியள், எனக்கு அது பெரிய விசயமாத் தெரியேல்ல. அழுதாலும் சிரிச்சாலும் பதினாலு மணித்தியாலத்தில அது முடிஞ்சிடும். வந்திறங்கின பிறகு வாற ராத்திரியள்தான் சோதினை. ஆவணியில ஊருக்கும் இஞ்சைக்கும் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம். இஞ்ச சாமம் ரெண்டு மணி எண்டால் உங்கட பிள்ளைக்கு அது காலமை பதினொண்டரை, நல்லா முழிச்சு விளையாடுற நேரம். வீட்டில கலியாணத்துக்கு வந்த சனம் ஹோல் முழுக்கப் படுத்திருக்கும், இவர் கையைத் தட்டிக்கொண்டு இருப்பார். ஆகக் குறைஞ்சது ஒரு கிழமைக்கு முன்னமே வாங்கோ. காலமையில வெளியில வெயிலில கொண்டு திரியுங்கோ, கெதியாப் பழகிடும். முதல் ரெண்டு மூண்டு ராத்திரி அம்மாவும் நீங்களும் முறை வைச்சு முழிச்சிருங்கோ, ரெண்டு பேரும் ஒண்டா முழிச்சிருக்கிறதில பிரயோசனம் இல்லை.

ஒண்டு தெரியுமோ, எங்கட பக்கத்துக் கலியாணத்தில தோழி எண்டு ஒருத்தர் கலியாணப் பொம்பிளைக்குப் பக்கத்தில நிக்கோணும், அது மாப்பிள்ளையின்ர சகோதரிதான். அப்ப அது நீங்கள்தான்! முடிச்சுப் போட்டிட்டு இறங்கி வாற அலுவல் இல்லை, சடங்கு முடியுமட்டும் மணவறையில நிக்கிற அலுவல். அந்த நேரம் பிள்ளை ஆரிட்டை எண்டதை இப்பவே முடிவெடுங்கோ. அம்மா மாப்பிள்ளையின்ர தாய், அவவுக்கும் ஆயிரம் வேலை இருக்கும், அவவை நம்பாதேங்கோ. புருசன்காரர் வந்திடுவார்தானே, அவரிட்டைக் குடுங்கோ, பெட்டி தூக்கிற, ஆக்களை ஏத்தி இறக்கிற வேலை ஒண்டும் அவருக்கு வைக்க வேண்டாமெண்டு தம்பியிட்டைச் சொல்லிவிடுங்கோ. மேளம் கெட்டிமேளமா அடிக்கேக்க பிள்ளை ஹோலுக்கு வெளியில நிக்கட்டும். இரவு ரிசப்சனுக்கு டிஜே போடுற சத்தத்தில பெரியாக்களுக்கே காது அடைக்கும், பொம்பிளை உடுப்பு மாத்திற அறை ஒண்டு எல்லா ஹோலிலயும் இருக்கும், அதின்ர திறப்பை, நீங்கள் சாவி எண்டுறியள், முன்னமே கேட்டு வாங்குங்கோ.

காருக்குச் சீட் கட்டாயம் வேணும், மடியில வைச்சுக்கொண்டு போகேலாது. பின்பக்கம் பாத்துப் பூட்டுற சீட்டா இருக்கோணும். ஊரில வாங்கிக் கொண்டு வரவேண்டாம், இஞ்சத்த சீட்டில மேப்பிள் இலை போட்ட முத்திரை ஒண்டு இருக்கும், அது உள்ளதாப் பாத்துத் தம்பியை வாங்கி எயார்போட்டுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கோ. ஆரும் பாவிச்சதைத் தந்தால் அதின்ர காலாவதித் திகதியையும் பாக்கச் சொல்லுங்கோ.

வெள்ளந்தி:
நான் மட்டும் வேற மாதிரி சொல்றேன், கோச்சுக்காதீங்க. எம் பொண்ணுக்கு பத்து மாசமா இருக்கறப்ப நாத்தனார் கல்யாணம் சிட்னில, நான் போகல. வீடியோ கால்லதான் பாத்தேன். அன்னிக்கு பேசாத பேச்சு இல்ல, இன்னிக்கு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. உங்களுக்கு முடியும்னா போங்க. அம்மா ஒத்தக்கால்ல நிக்கறாங்கங்கறதுக்காக மட்டும் போகாதீங்க. தம்பி ஊருக்கு வந்து ரிசப்ஷன் வெப்பாருல்ல?

பொள்ளாச்சி பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வெள்ளந்தி அக்கா, நீங்க சொல்றது புரியுது, ஆனா எனக்கே போகணும்னு ஆசதான், என் கைல வளந்த தம்பி. மாடி அண்ணா, பர்த் சர்டிபிகேட்ட எடுத்து பாத்தேன், நீங்க சொன்னபடியே பேரு இல்ல!! நாளைக்கே வீட்டுக்காரர நகராட்சிக்கு அனுப்பறேன். ஸ்காபரோ அண்ணா, தோழி விஷயம் எங்க வீட்டுல யாருக்குமே தெரியாது, தம்பிக்கு போன் போட்டா அவனுக்கும் தெரியல, பொண்ணுகிட்ட கேட்டுட்டு "ஆமாக்கா, நீதான்"ங்கறான். ஊசிக்கு டாக்டர்கிட்ட வெள்ளிக்கெழம டோக்கன் வாங்கியிருக்கு. ஒரு வாரம் முன்னாடியே போற மாதிரி டிக்கெட் மாத்தி பாக்கறோம்.

தூளிக்கு மட்டும் யாரும் பதில் சொல்லலீங்களே. ஃப்ளைட்ல விடுங்க, தம்பி வீட்டுல கொக்கி மாட்ட முடியுமா? அப்பறம் அரைஞாண் கயிறு வெள்ளி, செக்யூரிட்டில கழட்டச் சொல்லுவாங்களா, மாமியார் கழட்டவே கூடாதுங்கறாங்க.

ஸ்காபரோ வாசி:
கொக்கி கனவிலயும் நினைக்காதேங்கோ! இஞ்ச சீலிங் எண்டுறது வெறும் அட்டை, பிள்ளையோட சேந்து கழண்டு விழும். ஸ்பிரிங் போட்ட தூளி ஸ்டாண்ட் தமிழ் ஆக்களிட்டை இருக்கும், பிள்ளை வளந்தாப் பிறகு பேஸ்மன்ட்டில சும்மாதான் கிடக்கும், விசாரிச்சால் ஆரும் தருவினம்.

நைட் டியூட்டி:
ஸ்டாண்ட் கெடச்சாலும் இப்பருந்தே பகல் தூக்கம் ஒண்ண மட்டும் பாயில தட்டி தூங்க வெச்சு பழக்குங்க, அழுவான், ரெண்டு வாரத்துல பழகிருவான்.

கூழ் டப்பா:
அரைஞாண் கயிறுக்கு கவலப்படாதீங்கக்கா. பீப் அடிச்சா கையால தடவி பாத்துட்டு விட்டுருவாங்க. கால்ல தண்டை இருந்தா அத மட்டும் வீட்டுலயே கழட்டி வெச்சுருங்க, டயபர் மாத்தறப்ப அது மாட்டி படுத்தற பாடு தாங்காது.